பஃபலோ ரோடா, டன்லப் ஸ்ட்ரீட்டா

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் பூஜைச் சாமான் கடை ஒன்றைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். கடைக்காரர் வாசலில் தணல் வைத்து, குங்கிலியத்தை ஒரு சிட்டிகை தூவினார். வெள்ளைப் புகை எழுந்து முகத்தில் அடித்தது. மற்றவர்களுக்கு அந்த வாசனையில் கோயில் நினைவு வரும். எனக்கு ரேடியோ நினைவு வந்தது. நடைபாதையின் நடுவில் அப்படியே நின்றுவிட்டேன். பின்னால் வந்த சுற்றுலாப் பயணி ஒருவர் என் முதுகில் மோதிவிட்டு மன்னிப்புக் கேட்டார். நானல்லவா அவரிடம் கேட்டிருக்க வேண்டும்!

குங்கிலியத்துக்கும் ரேடியோவுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்பீர்கள். மின்கம்பிகளை இணைக்க ஈயப்பற்று வைக்கிற கம்பிக்குள் ஒருவகைப் பிசின் இருக்கும். சூட்டுக்கோலை வைத்ததும் அது உருகிப் புகையும். ஏறக்குறைய அதே வாசனை. செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் மின்பிரிவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நாள் முழுக்க அந்தப் புகையில்தான் இருப்பேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் என் மனைவி சரோஜா சட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு, "வேலைக்குப் போயிட்டு வர்றீங்களா, கோயிலுக்குப் போயிட்டு வர்றீங்களா?" என்பாள். அந்தப் புகை போதாதென்று வீட்டிலும் ஒரு சூட்டுக்கோல் வாங்கி வைத்துக்கொண்டேன். பட்டறையில் கூட வேலை பார்த்த சீன நண்பர் ஒருவர் வீட்டிலிருந்தே வெளிநாட்டுக்காரர்களோடு பேசும் அமெச்சூர் ரேடியோ என்னும் பித்தை எனக்குத் தொற்றவைத்திருந்தார். அவர் சீக்கிரமே குணமாகி மீன் பிடிக்கப் போய்விட்டார். எனக்குக் குணமாகப் பல வருஷங்கள் ஆயின.

இப்போது போலவே அப்போதும் நாங்கள் தேக்கா சந்தைக்குப் பக்கத்தில், பஃபலோ ரோட்டு அடுக்குமாடியில் மேல் மாடி ஒன்றில் குடியிருந்தோம். கீழே சந்தையிலிருந்து காலையில் மீன் வாசனையும், மத்தியானம் பிரியாணி வாசனையும், சாயங்காலம் மல்லிகை வாசனையும் ஏறி வரும். கடிகாரமே தேவையில்லை. சமையலறை ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போட மூங்கில் கழி செருகுவதற்கு வரிசையாகக் குழாய்கள் இருந்தன அல்லவா, அதில் ஒன்றில் நீளமான கழியைச் செருகி, அதன் நுனியிலிருந்து கூடத்து ஜன்னல் வரை ஒரு கம்பியைக் கட்டியிருந்தேன். அதுதான் என் அன்டெனா. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, நாங்கள் மக்சிக் என்று கூப்பிடுவோம், ரொம்ப நாள் அதைத் துணிக்கொடி என்றே நினைத்திருந்தார். ஒருநாள் நான் வேலையிலிருந்து வந்து பார்த்தால் அதன்மேல் அவருடைய சாரோங் கைலி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் ஜப்பான் ரொம்பத் தெளிவாகக் கேட்டது. சாரோங்கின் புண்ணியமாகவும் இருக்கலாம்.

இந்த ரேடியோவில் யாருக்கும் பெயர் முக்கியமில்லை. உரிமம் கொடுக்கும்போதே அரசாங்கம் ஓர் அழைப்புக் குறியையும் கொடுக்கும். கால் சைன் என்போம். முன்னால் நாட்டைக் காட்டும் எழுத்து, பின்னால் ஆளைக் காட்டும் எழுத்து. சிங்கப்பூர் என்றால் 'நைன் வி'யில் தொடங்கும். மலேசியாவுக்கு 'நைன் எம்', இந்தியாவுக்கு 'வி யூ'. என்னுடையதை இங்கே எழுதப்போவதில்லை. இப்போது அது வேறு யாரிடமாவது இருக்கும், அவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்?

கேட்பது பெரிய காரியமில்லை. கேட்டது இன்னார்தான் என்று உறுதிசெய்வதுதான் பெரிய காரியம். அலைவரிசைத் திருகை மெல்லத் திருப்பினால் முதலில் வாத்து பேசுவது போலக் கேட்கும். இன்னும் ஒரு மயிரிழை திருப்பினால் வாத்து மனிதனாகும். அந்த மனிதன் கடலுக்கடியில் உட்கார்ந்து பேசுவது போல இருப்பான். திடீரென்று குரல் பெரிதாகும், உடனே கரைந்துபோகும். இரைச்சலுக்கு நடுவே நாலைந்து எழுத்துகள் மிதந்து வரும். அதில் ஒன்றைத் தவறாகக் கேட்டால் போச்சு. பேசி முடித்த பிறகு, 'உங்களோடு பேசினேன்' என்று ஒருவருக்கொருவர் ஓர் அட்டை அனுப்பிக்கொள்வது வழக்கம். அப்படி ஜப்பானுக்கு நான் அனுப்பிய அட்டை ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் மிக மரியாதையாக எழுதியிருந்தார்கள்: 'நீங்கள் குறிப்பிட்ட நேரத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். ஆனாலும் உங்கள் அட்டை அழகாக இருக்கிறது.' ஓர் எழுத்தை மாற்றிக் கேட்டிருக்கிறேன். சரோஜா அந்த அட்டையைக் குளிர்பதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தாள். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் காட்டிச் சிரித்தாள்.

சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. சரோஜா அப்போது ஒரு மருத்துவமனையில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க மலாய், ஹொக்கியன், தமிழ், ஆங்கிலம் என்று எல்லாக் குரல்களும் அவள் காதில் விழும். அழுதுகொண்டு பேசுவார்கள், கோபத்தில் கத்துவார்கள், சாலையோர டெலிபோனிலிருந்து லாரி இரைச்சலோடு கூப்பிடுவார்கள். எந்த வார்டு, எந்த நோயாளி என்று அவற்றிலிருந்து பிரித்தெடுத்துப் பழகிய காது. என் ரேடியோவில் அவளுக்கு எந்த ஆர்வமும் கிடையாது. சமையலறையில் கீரை ஆய்ந்தபடியே, "அது எஸ் இல்லங்க, எஃப்" என்பாள். நான் ஹெட்போனைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடி யோகநிலையில் இருப்பேன். கடைசியில் எஃப்பாகத்தான் இருக்கும்.

எழுத்துக் குழப்பம் வராமலிருக்க உலகம் முழுக்க ஒரு முறை இருக்கிறது. ஏ என்றால் ஆல்ஃபா, பி என்றால் பிராவோ, டி என்றால் டெல்டா. இதையெல்லாம் நான் மனப்பாடம் செய்து தேர்வு எழுதியவன். சரோஜா தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருந்தாள். எல்லாமே நாங்கள் நடக்கிற தெருக்கள். பி என்றால் பஃபலோ ரோடு. சி என்றால் கஃப் ரோடு. டி என்றால் டன்லப் ஸ்ட்ரீட். எச்சுக்கு இந்து ரோடு, கே என்றால் கெர்பாவ், என்னுக்கு நாரிஸ், வி என்றால் வீராசாமி ரோடு. எக்ஸுக்கு மட்டும் தெரு கிடைக்கவில்லை என்று வருத்தப்பட்டாள். அவள் சமையலறையிலிருந்து "வீராசாமி, நாரிஸ், கெர்பாவ்!" என்று குரல் கொடுத்தால் யாரோ தபால்காரர் முகவரி தேடுவது போலிருக்கும். நான் கூடத்தில் உட்கார்ந்து அதை ஆல்ஃபா பிராவோவாக மாற்றி எழுதிக்கொள்வேன்.

தெருக்களைப் பற்றிச் சொல்லும்போது கேம்பல் லேனை விட முடியாது. அங்கேதான் ஹமீது பாயின் கடை இருந்தது. கைலி, அத்தர், தொப்பி, தையல் நூல், பொத்தான் எல்லாம் விற்பார். கடைக்குள் நுழைந்தால் அத்தரும் புதுத்துணிக் கஞ்சியும் கலந்த ஒரு வாசனை வரும். என் ரேடியோப் பெட்டியின் உறைக்குத் துணி கேட்டுப் போய்த்தான் பழக்கமானார். "தம்பி, அந்தப் பொட்டில எங்க ஊரு கேக்குமா?" என்று முதல் நாளே கேட்டார். அவர் ஊர் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே, கடலை ஒட்டி. மனைவி ஜெய்னம்பு அங்கே இருந்தார். பாய் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போய்வருவார். நான் சொல்லும் அந்த வருஷம் மகளின் கல்யாணத்தை முடித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். எங்களுக்கென்று ஒரு டப்பா நிறைய, முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவித்த வட்டிலப்பம் கொண்டுவந்து கொடுத்தார். விமானத்தில் எப்படிக் கொண்டுவந்தார் என்பது இன்றுவரை எனக்குப் புரியாத விஷயம்.

அவர் திரும்பிய சில வாரங்களில் அந்தக் கரையில் புயல் அடித்தது. கைப்பேசி கையில் இல்லாத காலம். தொலைக்காட்சியில் விழுந்த தென்னைகளையும் தண்ணீரில் மூழ்கிய சாலையையும் காட்டினார்கள். எந்த ஊர் என்று சொல்லவில்லை. தொலைபேசிக் கம்பிகள் அறுந்துவிட்டன. பாய் தொலைபேசி அட்டை மேல் அட்டையாக வாங்கிப் பொதுத் தொலைபேசியில் முயன்றுகொண்டே இருந்தார். மணிகூட அடிக்கவில்லை. சனிக்கிழமை அரைநாள் வேலை முடிந்து நான் வந்து சேர்ந்தபோது எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தார். செருப்பைக் கழற்றவும் தோன்றாமல், "தம்பி, ஒங்க பொட்டிய கொஞ்சம் வைக்கிறீங்களா?" என்றார். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். பொத்தான் விற்கிற மனிதர்.

ரேடியோவைப் போட்டேன். நான் எதிர்பார்த்தது போலவே தமிழ்நாட்டு அமெச்சூர்கள் ஓர் அலைவரிசையை எடுத்துக்கொண்டு புயல் செய்திகளைக் கடத்திக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஒருவர் கட்டுப்படுத்துவார். மற்றவர்கள் முறைவைத்து அவரிடம் பேசுவார்கள். எந்த நிலையம் எந்த ஊரில் இருக்கிறது என்று தொடக்கத்தில் ஒருமுறை வாசித்தார். பாயின் ஊரில் ஒருவர் இருந்தார். வடக்கே இன்னோர் ஊரில் வேறொருவர். இரண்டு பேரும் அடுத்தடுத்து உரிமம் வாங்கிய நண்பர்கள் போலிருக்கிறது. அழைப்புக் குறியில் கடைசி எழுத்து மட்டும்தான் வேறு. பாயின் ஊரில் இருந்தவருக்கு பி. மற்றவருக்கு டி.

நாங்கள் மூன்று பேரும் அந்தப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்துக்கென்று ரேடியோவில் ஒரு மயக்கம் உண்டு. பகல் அலைகள் போய் மாலை அலைகள் வரும் சந்தி. தூரத்துக் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து, யாரோ எங்கோ பாடுவது போலவும் அழுவது போலவும் இருக்கும். அதற்குள்ளிருந்து களைத்துப்போன ஆண்குரல் ஒன்று எழுந்தது. ஆல்ஃபா பிராவோவெல்லாம் இல்லை. வெறும் எழுத்துகளாகத் தன் குறியைச் சொன்னது. ஊர்ப் பெயரைச் சொன்ன இடத்தில் ஒரு கரகரப்பு வந்து மூடிக்கொண்டது. பிறகு தெளிவாக ஒரு வாக்கியம் கேட்டது: "கடற்கரைத் தெரு ஜனங்க எல்லாரும் பத்திரமா இருக்காங்க. ஒருத்தருக்கும் சேதமில்ல."

ஹமீது பாய் எழுந்து நின்றுவிட்டார். "தம்பி, எங்க ஊட்டுத் தெரு கடக்கரைத் தெருதான்! எங்க ஊருதானே?"

நான் காகிதத்தில் கடைசி எழுத்தாக பி என்று எழுதியிருந்தேன். என் காதில் அப்படித்தான் விழுந்தது. வாயைத் திறந்தேன். சரோஜா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இருங்க. எனக்கு அப்படிக் கேக்கல."

"பி தான் சரோ."

"பஃபலோ இல்லங்க. டன்லப் மாதிரி இருந்துச்சு."

"மாதிரின்னா?"

"அதான் சொல்றேன். எனக்கும் நிச்சயமாத் தெரியல. நிச்சயமாத் தெரியாம பாய்கிட்ட சொல்லாதீங்க."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு எழுத்தும் புரியவில்லை, தெருவும் புரியவில்லை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு மனிதர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் நிற்கிறார். நல்ல செய்தி என் நாக்கு நுனியில் இருக்கிறது. இவள் தடுக்கிறாள். சரோஜா பாயின் பக்கம் திரும்பி, "அண்ணே, கடல் ஓரமா இருக்கிற எல்லா ஊர்லயும் ஒரு கடற்கரைத் தெரு இருக்கும். இது எந்த ஊருன்னு கேட்டு உறுதிபண்ணிக்கிறோம். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றாள். மருத்துவமனையில் ஒரே பெயரில் இரண்டு நோயாளிகள் இருந்து, ஒருவர் வீட்டுக்குச் சொல்ல வேண்டியதை இன்னொருவர் வீட்டுக்கு யாரோ சொல்லிவிட்டார்களாம். அந்தக் கதையை அவள் எனக்கு முன்பே சொல்லியிருக்கிறாள். அப்போது அவளுக்கு அதுதான் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கேட்டு உறுதிசெய்வது என்றால் நான் பேச வேண்டும். அவசரச் செய்திகள் போகும் அலைவரிசையில் வெளிநாட்டுக்காரன் குறுக்கே பேசுவது பண்பில்லை. அடுத்தவர் குடும்பச் செய்தியைக் கடத்தவும் எங்களுக்கு அனுமதியில்லை. ஆனால் ஓர் அழைப்புக் குறியை உறுதிப்படுத்தச் சொல்லிக் கேட்கலாம். அதை யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். இடைவெளி கிடைத்ததும் மைக்கை அழுத்தி ஆங்கிலத்தில் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டேன். என் குரல் எங்கே போய் விழுகிறதோ, கட்டுப்படுத்துகிறவருக்குக் கேட்கவில்லை.

"அவங்க தமிழ்லதான பேசிட்டிருக்காங்க. தமிழ்ல கேளுங்க" என்றாள் சரோஜா.

ரேடியோவில் நான் அதுவரை தமிழ் பேசியதே இல்லை. என்ன தமிழ் பேசுவது என்று தெரியவில்லை. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நிற்பது போல நிமிர்ந்து உட்கார்ந்து, என் அழைப்புக் குறியைச் சொல்லி, "சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். கடைசியாகப் பேசிய நிலையத்தின் அழைப்புக் குறியைத் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்" என்றேன். இன்னொரு நாளாயிருந்தால் சரோஜா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்று சிரிக்கவில்லை. மறுபடி மறுபடி அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். இரைச்சல் மட்டும் திரும்பி வந்தது.

மாலைத் தொழுகைக்கு நேரமாகிவிட்டது. பாய் மெதுவாக, "தங்கச்சி, இங்கேயே தொழுதுக்கலாமா? மேக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். சரோஜா உள்ளே போய், துவைத்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்பை எடுத்துவந்து விரித்தாள். எனக்குத் திசை தெரியும். சிங்கப்பூரை நடுவில் வைத்து வரைந்த உலகப் படம் ஒன்று என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. எந்த நாட்டுக்கு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதில் தெரியும். அளவுகோலை வைத்து மக்காவுக்குக் கோடு பிடித்தேன். கோடு கடலைத் தாண்டித் தமிழ்நாட்டுக் கரையில் ஏறி, நாகப்பட்டினத்தை ஏறக்குறைய உரசிக்கொண்டு மேலே போனது. அளவுகோலை இரண்டாவது தடவை வைத்துப் பார்த்தேன். ஆமாம், இரண்டும் ஒரே திசைதான். விரிப்பை அந்தப் பக்கம் திருப்பிப் போட்டேன். ரேடியோவை நிறுத்தப் போனேன். "நிறுத்தாதீங்க தம்பி. மெதுவா வச்சுக்குங்க" என்றார்.

அவர் தொழுதுகொண்டிருந்தபோது பதில் வந்தது. இந்தியாவிலிருந்து இல்லை, பினாங்கிலிருந்து. யாரென்று தெரியாத ஒரு மலேசியத் தமிழர், இரண்டு பக்கமும் அவருக்குக் கேட்டிருக்கிறது. "சிங்கப்பூர், ஒங்களுக்காக நான் கேட்டுச் சொல்றேன் லா, இருங்க" என்றார். அவர் விசாரித்தது எங்கள் காதில் விழுந்தது. அந்தப் பக்கத்துப் பதில் இரைச்சலில் கரைந்துபோனது. பிறகு அவர் திரும்பி வந்து ஒவ்வோர் எழுத்தாக நிறுத்திச் சொன்னார். கடைசி எழுத்தை இரண்டு முறை சொன்னார். "டெல்டா. டெல்டா."

சரோஜா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். அவள் கேட்டது சரி. அவள் முகத்தில் அதற்கான சந்தோஷம் துளியும் இல்லை. பத்திரமாக இருந்தது வேறோர் ஊர். வேறொரு கடற்கரைத் தெரு.

ஹமீது பாய் விரிப்பின்மேல் நெற்றியைத் தரையில் வைத்திருந்தார். அவர் எழுந்து உட்கார்ந்து, இரு பக்கமும் முகம் திருப்பி முடிக்கிறவரை நாங்கள் காத்திருந்தோம். எனக்கு அது நீண்ட நேரமாகத் தெரிந்தது. கீழே தேக்காவில் பூக்கடைப் பெண்கள் சத்தம்போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். சனிக்கிழமைச் சாயங்காலத்தின் சந்தோஷச் சத்தம்.

"பாய், அது உங்க ஊரு இல்ல" என்றேன்.

"அப்போ எங்க ஊருலேருந்து?"

"இன்னும் யாரும் பேசல பாய்."

அவர் விரிப்பை நாலாக மடித்தார். ஓரங்கள் சரியாக வரவில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். துணிக்கடைக்காரரின் கை. "சரி தம்பி. நாளைக்கு வர்றேன்" என்றார். சரோஜா கொடுத்த தேநீரைக் குடிக்காமலே போய்விட்டார். அன்று இரவு சாப்பிடும்போது சரோஜாவிடம், "உன் காது இல்லேன்னா..." என்று தொடங்கினேன். "விடுங்க" என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. லிட்டில் இந்தியா ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். துவாஸிலிருந்தும் மற்ற தொழிற்பேட்டைகளிலிருந்தும் வேலைக்காரத் தம்பிகள் வந்து இறங்கித் தெருவே தெரியாது. அன்று அந்தக் கூட்டத்தில் பாதிப் பேர் முகம் பாயின் முகம் போலத்தான் இருந்தது. பொதுத் தொலைபேசிகளில் வரிசை. கேம்பல் லேனில் கடை திறக்கவில்லை. பாய் காலையிலிருந்தே எங்கள் வீட்டில் இருந்தார். கூப்பிடும் நிலையங்களின் வரிசையில் பி என்று கட்டுப்படுத்துகிறவர் கூப்பிடுவார். அமைதி. அடுத்ததைக் கூப்பிடுவார். இப்படியே போனது.

மத்தியானச் சாப்பாட்டை மூன்று பேரும் கிண்டிக்கொண்டிருந்தபோது அந்தக் குரல் வந்தது. இளைஞன் குரல். பதற்றத்தில் வேகமாகப் பேசினான். கார் பேட்டரி தீர்ந்துபோயிருந்ததாம். யாரோ லாரியிலிருந்து ஒன்றைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கட்டுப்படுத்துகிறவர் அவனை நிதானப்படுத்திக் குறியை எழுத்தெழுத்தாகக் கேட்டார். கடைசியில் பிராவோ. அவரும் திருப்பிச் சொன்னார், பிராவோ. நான் சரோஜாவைப் பார்த்தேன். அவள் சோற்றுக் கையோடு எழுந்து நின்று, "பஃபலோ. பஃபலோதான். சொல்லுங்க" என்றாள்.

"பாய், இது உங்க ஊருதான். கடற்கரைத் தெருக்காரங்களை முன்னாடியே கூட்டிட்டுப் போய்ப் பள்ளிக்கூடத்துல வச்சிருக்காங்களாம். தெருவுல தண்ணி ஏறிடுச்சு. கொஞ்சப் பேரைக் காணோம்னு சொல்றாங்க. பேரு யாருதும் சொல்லல."

"ஜெய்னம்பு பேரு?"

"யாரு பேரும் சொல்லல பாய்."

ஒரு செய்தியில் இருந்ததை மட்டும் சொல்லி அதற்குமேல் ஒரு சொல்லும் சேர்க்காமல் நிறுத்துவது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது. ஆறுதலாக எத்தனையோ சொல்ல வந்தது. சொல்லவில்லை. பாய் தட்டை அருகில் இழுத்துச் சாப்பிடத் தொடங்கினார். தட்டைக் காலி செய்தார். மறுநாளே விமானம் ஏறினார்.

பல வாரங்கள் கழித்துத் திரும்பி வந்தார். மனைவியும் மகளும் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்கிறார்கள். அவருடைய காக்கா, அதாவது அண்ணன், வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்று தெருவிலேயே தங்கியவர், கிடைக்கவேயில்லை. வீடும் இல்லை. அன்று சனிக்கிழமை, 'எல்லாரும் பத்திரம், ஒருத்தருக்கும் சேதமில்லை' என்று நான் அவரிடம் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்ப்பேன். பாய் "தங்கச்சி எங்கே?" என்று கேட்டு, சரோஜாவின் முன்னால் ஒரு சீலையை வைத்தார். பிறகு என்னிடம் ஓர் அட்டையை நீட்டினார். அந்தப் பி நிலையத்து இளைஞனைத் தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார். கல்லூரியில் படிக்கிற பையனாம்.

அட்டையில் வழக்கமான விவரங்களுக்குக் கீழே தமிழில் எழுதியிருந்தான். சனிக்கிழமை மாலை நான் கூப்பிட்டது அவனுக்குத் தெளிவாகக் கேட்டிருக்கிறது. பேட்டரியில் கேட்பதற்கு மட்டும்தான் உயிர் இருந்ததாம், பேசுவதற்கு இல்லையாம். பள்ளிக்கூடத்து வராந்தாவில் மழை இருட்டில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்க, பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் சிங்கப்பூர் என்று சொன்னது. கூட்டத்தில் ஒரு பெண்மணி எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தாராம். "எங்க ஊட்டுல அங்கதான் இருக்காங்க" என்றாராம். பேட்டரி சாகும்வரை நகரவில்லையாம்.

நாங்கள் உறுதிசெய்துகொள்ள முடியாமல் தவித்த அந்த நேரம் முழுக்க ஜெய்னம்பு எங்களைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். பாய் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவருக்குத் தெரியாது.

அதன்பின் வருஷங்கள் ஓடின. பாய் கடையைக் கைமாற்றிவிட்டு ஊரோடு போனார். அங்கேயே ஓர் ஆஸ்பத்திரியில் காலமானார் என்று கேள்விப்பட்டோம். கேம்பல் லேனில் அந்த இடத்தில் இப்போது குளிர்பானம் விற்கிறார்கள். அத்தர் வாசனை சுவரில் கொஞ்சமாவது ஒட்டியிருக்குமோ என்று ஒருமுறை உள்ளே போய் நின்று பார்த்தேன். என்ன வேண்டும் என்று கேட்டார்கள், வெட்கப்பட்டு ஒன்று வாங்கிக் குடித்தேன். கட்டடத்துக்குச் சாயம் அடிக்க வந்தவர்கள் என் கம்பியை அவிழ்த்தார்கள். நான் திரும்பக் கட்டவில்லை. கட்டியும் பயனில்லை. வீட்டுக்கு வீடு வந்துவிட்ட விளக்கும் சார்ஜரும் சேர்ந்து அலைவரிசை முழுக்க ஒரே ரீங்காரம். மாலை நேரத்தில் மிதந்து வந்த அந்தக் குரல்கள் வந்தாலும் கேட்காது. மக்சிக் மகன் வீட்டோடு உட்லண்ட்ஸுக்குப் போனார். ரேடியோவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தேன். உரிமத்தைப் புதுப்பிக்க மறந்தேன், பிறகு மறந்ததையும் மறந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பிற்பகலில் ஜெய்னம்பு வந்தார். பேத்தி இங்கே வேலைக்கு வந்திருக்கிறாள், அவளோடு சில நாள் தங்க வந்திருந்தார். எங்கள் வீட்டை விசாரித்துக்கொண்டு தனியாகவே வந்துவிட்டார். முதல் தடவையாகப் பார்க்கிறோம். சரோஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னிடம், "அந்தப் பொட்டி எங்க இருந்துச்சு தம்பி?" என்றார்.

காட்டினேன். அந்த மூலையில் இப்போது துணி துவைக்கிற இயந்திரம் இருக்கிறது. அன்று அது ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதன்முன் போய் நின்றார்.

"அன்னிக்கு சொன்னீங்களே, அத ஒரு தடவ சொல்றீங்களா?"

எனக்குக் கூச்சமாக இருந்தது. சரோஜா இயந்திரத்தை நிறுத்தினாள். பல வருஷம் சொல்லாத எழுத்துகள் தடுமாறாமல் வந்தன. பிறகு அந்த மேடைத் தமிழ். சிங்கப்பூரிலிருந்து கேட்கிறேன். கடைசியாகப் பேசிய நிலையத்தின் அழைப்புக் குறியைத் தயவுசெய்து உறுதிப்படுத்துங்கள்.

ஜெய்னம்பு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"ஆமா" என்றார். "இந்தக் கொரல்தான்."